மூன்றாம் தொகுதியில் நடந்தது

ஆறு தொகுதி நாவல் ஒன்றில் மூன்றாவதைப் படிக்காமலேயே, ஆறையும் கரைத்துக் குடித்தவளைப் போல நான் பல வருஷம் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பேசினால் யாருக்கும் ஆட்டத்தான் தோன்றும். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். பதினெட்டு வருஷமாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல்.

தச்சநல்லூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே இருபது பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். பெஞ்சுகள் பிள்ளைகளின் உயரத்துக்குச் செய்தவை என்பதால், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார். ஆளுக்கு ஒரு பிடிமானம் உண்டு அங்கே. ஒருவருக்கு ரஷ்யா, ஒருவருக்குச் சித்தர் பாடல். எனக்குச் சீனா. 'சீனாக்கார டீச்சர்' என்று எனக்குப் பின்னால் ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமைதான்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், ஆறு தடித்த புத்தகங்கள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. சில நூற்றாண்டுக்கு முந்திய சீன நாவல், ஆங்கிலத்தில். முதல் இரண்டை அந்த விடுமுறையிலேயே முடித்தேன். அப்புறம் பரீட்சை, பி.எட்., வேலை, கல்யாணம், பிள்ளை. மீதி நான்கும் ஆழ்வார்குறிச்சியில் அப்பா வீட்டுப் பரணில், மற்ற இரண்டுக்குத் துணையாக இருந்துகொண்டிருந்தன.

பழைய சீனக் கதைகளை எங்கள் ஊர்க்காரர்களைப் போல யாரும் படிக்க முடியாது என்பது என் கட்சி, இன்றைக்கும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆங்கிலப் பதிப்பில் முதல் பக்கத்திலேயே ஒரு வம்சாவளிப் படத்தை மடித்து வைத்திருந்தார்கள். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரியப்பா மகனுடைய மச்சினன், இரண்டாவது சித்தி வீட்டு விருந்தில் பாதிச் சாப்பாட்டில் ஏன் எழுந்து போனான் என்று புரிய நமக்குப் படம் எதற்கு? பரீட்சை விஷயமும் அப்படித்தான். ஒரே ஒரு தேர்வுக்காக ஊரே ஒரு பையனைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை, நீட் எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், யாரும் தனியாக உட்கார்ந்து 'நான் யார்' என்று யோசிப்பதில்லை. உட்கார இடமும் கிடையாது, வீட்டில் நூறு பேர். ஒருவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியவருவது அடுத்தவரால்தான். வேலைக்காரி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லுவாள், தேர்வுப் பட்டியலில் பேர் இருக்காது, கனவில் வந்த சாமியார் சிரிப்பார். அவன் முகம் மாறுகிற இடத்தில் அத்தியாயம் முடிந்துவிடும். கதை சொல்கிறவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

என்னுடைய நாவலின் கதை இது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பெரிய குடும்பம். தாயில்லாத பையன் ஒருவனைப் பத்து வயசு மூத்த அக்கா வளர்க்கிறாள். அவனை எழுப்புவது அவள், மை அரைத்துக் கொடுப்பது அவள், அவன் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படிப்பதைக் கண்டுபிடிப்பதும் அவள். இரண்டாம் தொகுதியின் கடைசியில் அவன் தலைநகரத்துக்குத் தேர்வெழுதப் படகேறுகிறான். அவன் மறந்துவிட்டுப் போன குளிர்கால அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா படித்துறையில் நிற்கிறாள். நான்காம் தொகுதி திறக்கும்போது அவனுக்கு இருபத்தைந்து வயசு. கொஞ்சமாகப் பேசுகிறான். பின்கட்டு அறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். அக்கா வீட்டில் இல்லை. அவள் அறையில் பட்டுப்புழுத் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

இடையில் என்ன நடந்தது? நான்கு, ஐந்து, ஆறையும் பிற்பாடு படித்தேன்; மூன்றாம் தொகுதி மட்டும் என்னிடம் இல்லை. ஆனால் எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. பையன் தேர்வில் ஜெயித்திருப்பான். அக்காவால் அதைத் தாங்க முடிந்திருக்காது. சண்டை வந்திருக்கும், அவன் அவளை வெட்டிக்கொண்டு வந்திருப்பான். ஜெயித்தவன் ஏன் பதவிக்குப் போகாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான் என்று ஒருவர் கேட்டார். பதவியைத் துறந்துவிட்டான் என்றேன். 'கூடப் பிறந்ததாகவே இருந்தாலும், கழற்றி விட வேண்டியதைக் கழற்றி விட்டால்தான் ஒருவன் ஆளாக முடியும்; இதைத்தான் இந்த நாவல் சொல்கிறது' என்று அந்த மாடியில் அடித்துச் சொன்னேன். அன்றைக்குக் கைதட்டலும் இருந்தது.

என் கூடப் பிறந்தவன் ஒரு தம்பி. என்னைவிட ஏழு வயசு இளையவன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். அந்தக் கூட்டத்தில் நான் பேசியபோது அவனும் நானும் பேச்சை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு, ஆழ்வார்குறிச்சி வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விடுவது என்று தீர்மானித்தோம். நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி பரணில் கிடந்ததை இறக்கி, பழைய பத்திரிகை, என் கல்லூரி நோட்டு எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டிருந்தான். நான் நாவலை எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான் இருந்தது; மூன்றாவதையும் பேப்பரோடு போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பெண்டாட்டியும் மாமனாரும் ஒத்தாசைக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. 'உனக்கு என்னலே தெரியும் புஸ்தகத்தப் பத்தி? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?' என்று கேட்டேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில்தான் கேட்டேன்.

அவன் கதவோரம் கிடந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் போனார். அதோடு சரி. விசேஷ வீடுகளில் அவன் ஒரு பந்தி, நான் ஒரு பந்தி. என் வீட்டுக்காரர் மட்டும் அவனோடு போனில் பேசிக்கொள்வார். என் காது படப் பேச மாட்டார்.

இந்த வருஷம் என் மகள் ஆளானாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். விஷயம் தெரிந்த அரை மணியில் என் நாத்தனார் போன் செய்தாள். 'ஏளா, மண்டபம் பாக்கணும்லா? பிளக்ஸ் வைக்கணும்லா?' என்று ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் சடங்கு என்றால் கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரி. பெண்ணின் முகத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து முச்சந்தியில் கட்டுவார்கள். நான் கட்டோடு மறுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் உடம்பில் நடப்பது ஊருக்கு எதற்கு என்றேன். சீனாவில் அந்தக் காலத்தில் பதினைந்து வயசில் கொண்டையில் ஒரு ஊசியைக் குத்தி முடித்துவிடுவார்கள், வீட்டோடு காரியம் ஆகிவிடும் என்றும் சொன்னேன். 'சீனாக்காரிக்குத் தாய்மாமன் கிடையாதாக்கும்?' என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அதுதான் விஷயம். எங்கள் ஊரில் பெண் ஆளானால் முதல் கேள்வி, 'மாமனுக்குச் சொல்லியாச்சா?' முதல் சேலை தாய்மாமன் கையால் வர வேண்டும். அதுவும் போனில் சொல்லக் கூடாது, நேரே போய்ச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரி கேட்டாள், பள்ளியில் தமிழ் ஆசிரியை கேட்டாள். எல்லாருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன்: 'எங்க வீட்டுல சடங்கு கிடையாது, அதனால மாமனுக்கும் வேலை கிடையாது.'

மூன்றாம் நாள் காலையில், இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மகள் சொன்னாள்: 'எனக்கும் மண்டபம் வேண்டாம்மா. பிளக்ஸ் வச்சா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன். ஆனா மாமா வரணும்.'

'சடங்கே இல்லன்னா மாமா எதுக்குட்டி?'

'சடங்குக்கு வரச் சொல்லல. சும்மா வரணும். ஆத்துல நீச்சல் சொல்லித் தந்தது யாரு? மாமால்லா?'

அவளுக்கு ஏழு வயசு வரைக்கும் அவன்தான் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வைத்து ஆற்றுக்குக் கூட்டிப் போவான். நான் அதை மறந்திருந்தேன். அவள் ஆறு வருஷமாக வாய் திறக்காமல் ஞாபகம் வைத்திருக்கிறாள். நான் சமாளித்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது, ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும் என்றேன். பாதியில் நாவலையும் இழுத்தேன். அந்தப் பையன் எப்படி அக்காவை விட்டுவிட்டு வந்து ஆளானான், நானும் அப்படித்தான் என்றேன். அவளுக்கு அந்தக் கதை தெரியும். சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்திருக்கிறேன்.

அவள் சட்னியை வழித்துக்கொண்டே சொன்னாள்: 'யம்மா, நீ எப்பிடி அந்தப் பையனாவ? நீ அந்த அக்கால்லா?'

நான் பள்ளிக்குக் கிளம்பினேன். ஆய்வகத்தில் பிள்ளைகள் உப்புப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஒருவன் சோதனையே செய்யாமல் விடையை எழுதி வைத்திருந்தான். 'எப்பிடிலே கண்டுபிடிச்ச?' என்றேன். 'இதுதான் வரும்னு தெரியும் டீச்சர்' என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. தம்பியோடு நான் பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நானே கேட்டேன். பிளக்ஸை மறுத்திருப்பேன், மண்டபத்தை மறுத்திருப்பேன். ஆனால் அவன் பாவாடை தாவணியோடு வந்து நின்றால் உள்ளே வா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆக, மண்டபத்துக்கு மட்டும்தான் கொள்கை. தம்பிக்கு வீம்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. கங்கைகொண்டானுக்குப் பஸ் ஏறினேன். அவனுக்கு முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றேன். ஒரே நீல நிறச் சட்டையில் நூறு பேர் வெளியே வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவனை நான் கண்டுபிடிப்பதற்குள் அவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். ஓடி வந்தான்.

'என்னக்கா? அத்தானுக்கு என்ன?'

'அத்தான் நல்லாத்தான் இருக்காவ. உன் மருமவ ஆளாயிட்டா. நேர்ல சொல்லணும்லா, அதான் வந்தேன்.'

டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டான். 'எப்போ?'

'புதன்கிழம.'

'இன்னிக்கு என்ன கிழம?'

'சனி.'

'புதன்கிழம ஆனவளுக்குச் சனிக்கிழமயா வந்து சொல்லுத? நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரனா? ஊரெல்லாம் தெரிஞ்ச பொறவு கடைசியா எனக்குச் சொல்லுத, இல்ல?' அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாளுக்குத்தான் அந்தக் கோபம் எல்லாம்.

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்தேன், அதற்கு மேல் வரவில்லை. 'மண்டபம் கிடையாது, பிளக்ஸ் கிடையாது. வீட்டோட. வாரியா?' என்றேன்.

'அடுத்த ஞாயித்துக்கிழம வாரேன். நீ வீட்டுல மட்டும் இரி' என்று சொல்லி, என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான்.

சொன்னபடி வந்தான். வேனில், பெண்டாட்டியோடு, ஏழு தாம்பாளத்தோடு. பட்டுப் பாவாடை தாவணி, வளையல், பழம், பூ, உளுந்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் என்று ஆறு தாம்பாளம் வரிசையாகக் கூடத்தில் இறங்கியது. ஏழாவதில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். என் மகள் அதைத்தான் முதலில் எடுத்தாள்.

'ஆறு தட்டு ஆவாது, ஒத்தப்படையில வேணும்னு உங்க அத்தை சொன்னா' என்று தம்பி தன் பெண்டாட்டியைக் காட்டினான். 'ஏழாவதுக்கு என்ன வைக்கன்னு பாத்தேன்.'

உள்ளே மூன்றாம் தொகுதி இருந்தது. அதே அட்டை. ஓரம் நைந்து, முதுகில் மெஷின் ஆயில் கறையோடு.

'ஏலே, இது எங்கன கிடந்துச்சு?'

'எங்கயும் கிடக்கல. நீதான தந்த.'

'நானா? எப்போ?'

'என்னய கம்பெனியில புனேக்கு டிரெயினிங் அனுப்பினாம்லா, கல்யாணத்துக்கு முன்ன. ரெண்டு நாள் ரயில்ல போணும், படிக்க எதாவது தாக்கான்னு கேட்டேன். பரண்ல கைய விட்டு இத எடுத்துத் தந்த.'

அவன் சொல்லச் சொல்ல எனக்கு அது வந்துவிட்டது. ஏணியின் மேல் நான், கீழே அவன் கையை நீட்டிக்கொண்டு. முதல் தொகுதியைத் தேடி எடுத்திருக்கலாம், பக்கத்தில்தான் இருந்தது. எதைக் கொடுத்தால் என்ன, இவன் படிக்கவா போகிறான் என்று கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தேன். கொடுத்ததை அந்த ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மறந்துவிட்டேன். அவனைப் பற்றி நான் அவ்வளவுதான் நினைத்திருக்கிறேன். அதனால்தான் அது என் ஞாபகத்திலேயே தங்கவில்லை.

'அன்னிக்கு வீட்டுல வச்சு நான் கேட்டேன்லா? அப்பம் சொல்லியிருக்கலாம்லாலே?'

அவன் என் மகளின் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: 'அன்னிக்கு என் பைக்குள்ளதான் இருந்துச்சு. எடுத்துக் காட்டியிருந்தா, படிச்சியான்னு கேட்டிருப்ப. அப்பம் நாப்பது பக்கம்கூடத் தாண்டல. எம் மாமனார் முன்னால, நீ கழுதைன்னு சொன்னது சரியாப் போயிருக்கும். முடிச்சிட்டுத் தருவோம்னு இருந்தேன்.'

'எப்ப முடிச்ச?'

'ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்குப் பொறவு எப்பிடித் தரன்னு தெரியல.'

நான் சாப்பாட்டுக்கு இலை போட எழுந்துவிட்டேன். பேச வேண்டிய இடத்தில் எழுந்து போவது எனக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மகள் உளுந்தங்களியைத் தின்றுகொண்டே மாமாவிடம் நீச்சல் கதை கேட்டாள். அவன் சிரித்த சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது.

அடுத்த நான்கு சாயங்காலங்களில் மூன்றாம் தொகுதியைப் படித்தேன். முதல் ஐம்பது பக்கத்தில் அச்சு எது, பென்சில் எது என்று தெரியவில்லை. வரிக்கு நான்கு சொல்லுக்குத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தான், சிலதைத் தப்பாக எழுதி அழித்துத் திருத்தியிருந்தான். முந்திய இரண்டு தொகுதியும் இல்லாமல் நடுவில் ஆரம்பித்தவன் என்பதால், ஓரத்தில் 'இவள் யார்?', 'இவன் சித்தப்பாவா மாமாவா?' என்று கேள்விகள். நூறாவது பக்கத்தில் பக்கத்துக்கு நான்கு சொல் ஆயிற்று. இருநூறில் ஒன்று, இரண்டு. கடைசி நூறு பக்கத்தில் ஒரு பென்சில் கோடு இல்லை. படிக்காமல் விட்டுவிட்டானோ என்று முதலில் சந்தேகப்பட்டேன், புத்தி போகுமா? ஆயில் விரல் தடம் கடைசிப் பக்கம் வரைக்கும் இருந்தது.

கதை? பையன் தேர்வில் தோற்றுப்போகிறான். ஊருக்கு வந்து, முடிவு இன்னும் வரவில்லை என்று எல்லாரிடமும் பொய் சொல்கிறான். ஒரு வருஷம் முழுக்கச் சொல்கிறான். அக்காவுக்கு இரண்டாம் நாளே உண்மை தெரிந்துவிடுகிறது. அவள் கேட்கவில்லை. தினமும் விடியற்காலையில் மையை அரைத்து அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். புத்தாண்டு விருந்தில், மொத்தக் குடும்பமும் அவன் ஜெயிக்கப்போவதற்காகக் கோப்பையைத் தூக்கும்போது அவன் எழுந்து நின்று, நான் போன வருஷமே தோற்றுவிட்டேன் என்கிறான். அங்கே அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் அக்கா அவனுக்குச் சோறு பரிமாறுகிறாள். பிறகு, ஊரார் இனி இவளுக்குக் கல்யாணம் ஏது என்று விட்டுவிட்ட வயசில், படகு செய்கிற ஒருவரைத் தானாக இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டு ஆற்றோடு கீழே போகிறாள். தன் அறையைப் பட்டுப்புழுவுக்கு விடச் சொன்னதும் அவளே. அவள் பெட்டியைத் தம்பிதான் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைக்கிறான்.

சண்டையே இல்லை. அப்படி ஒரு சண்டை அந்த முழுத் தொகுதியிலும் எங்கேயும் கிடையாது. என் வீட்டிலிருந்த சண்டையை நான்தான் அவர்கள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன். என் மகள் சொன்னதும் பாதிதான் சரி. நான் அந்தப் பையன் இல்லை. ஆனால் அந்த அக்காவாக இருக்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. அவள் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மை அரைத்தாள். நான் ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டில் மை அரைத்து வைத்துக் காத்திருந்தது என் தம்பி.

டியூஷன் சென்டர் மாடியில் இதைச் சொல்லிவிட்டேன். 'அப்பம் முன்ன நீங்க சொன்னது?' என்று தபால்காரர் கேட்டார். 'தப்பு' என்றேன். அவர் முழங்காலை விட்டுவிட்டுக் கைதட்டினார். ஏன் என்று தெரியவில்லை.

தாம்பாளங்கள் ஏழும் தம்பியின் மாமனார் வீட்டுப் பித்தளை. சீர் வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஞாயிறு, ஆறு தட்டில் பழமும் பலகாரமும் நிறைத்து, ஏழாவதை ஒரு துண்டால் மூடி, மகளையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். தம்பி வீடும் மாமனார் வீடும் ஒரே காம்பவுண்டு வளவுக்குள். மாமனார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். தட்டை இறக்கி வைப்பதற்கு முன்னால், தம்பியும் அவன் பெண்டாட்டியும் வெளியே வந்து நின்றதும், நான் நின்ற இடத்திலேயே சொன்னேன்.

'மாமா, அன்னிக்கு ஆழ்வார்குறிச்சியில வச்சு உங்க முன்னால இவன கழுதைன்னு சொன்னேன். அந்தப் புஸ்தகத்த நான்தான் இவன்ட்ட குடுத்தேன். குடுத்துட்டு மறந்தது நான். இவன் அத முழுசாப் படிச்சிருக்கான். அப்பம் நான் படிக்கல. தப்பு எம்மேலதான்.'

குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. மாமனார் கண்ணைச் சுருக்கி மருமகனைப் பார்த்தார். 'எந்தக் கழுதை வே?' என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. ஆறு வருஷமாக அது ஞாபகத்தில் இருந்தது ஒரே ஒருவனுக்குத்தான்.

தம்பி என்னை நிமிர்ந்து பார்க்காமல் தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தான். ஏழாவதை வாங்கும்போது மட்டும், துண்டைத் தூக்காமலே, பைய என்னிடம் கேட்டான்.

'எக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருசமா இருக்கேன். படகுல போனால்லா, அந்த அக்கா. அவ திரும்பி வருவாளா?'

யாரைக் கண்டாலும் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆறாம் தொகுதியில், கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில், அதே படித்துறையில் அவள் வந்து இறங்குகிறாள். நான் அதைச் சொல்லவில்லை. துண்டை எடுத்துவிட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் தட்டில் இருந்தன.

'படிச்சிட்டுச் சொல்லு' என்றேன். 'அவசரம் ஒண்ணும் இல்ல.'